மனம் திரும்பிய வரி

மாநாட்டு வாசலில் முதலில் பெயரைக் கேட்கவில்லை. "யார் சொல்லி வந்தீங்க?" என்றுதான் கேட்டார்கள்.

செண்பகவல்லிக்கு இது பழகிய கேள்வி. இப்போதெல்லாம் பல் டாக்டரிடம் போனாலும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாலும் படிவத்தின் தலையில் அந்தக் கட்டம் இருக்கிறது. யார் பெயரைச் சொல்கிறோமோ அவருக்கு ஒரு பங்கு போகும். ஒருவர் சொல்லாமல் ஒருவர் எங்கேயும் போவதில்லை என்று உலகம் முடிவு கட்டிவிட்டது. அவள் வாயில் வந்த ஒரு பெயரைச் சொன்னாள். கழுத்தில் அட்டையை மாட்டிவிட்டார்கள். அட்டையின் மூலையில் சிவப்புப் புள்ளி ஒன்று எரிந்தது.

மதுரை ரிங் ரோட்டில் இருந்தது அந்த மண்டபம். உள்ளே அறுநூறு பேர், அத்தனை பேரும் பரிந்துரையாளர்கள். இவர்கள் எதையும் செய்வதும் இல்லை, விற்பதும் இல்லை. 'இந்த மிக்ஸி நல்லது, இதை வாங்கலாம்' என்று தங்கள் பக்கத்தில் எழுதி, கீழே ஒரு இணைப்பு வைப்பார்கள். அதை அழுத்தி யாராவது வாங்கினால் கம்பெனி இவர்களுக்குப் பங்கு கொடுக்கும். கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு பதினைந்து வருடமாகச் செண்பகவல்லி செய்துவரும் தொழில் இது. மெத்தையிலிருந்து மூட்டுவலித் தைலம் வரை அவள் 'நல்லது' என்று எழுதாத பொருள் இல்லை.

தொழிலுக்கு ஒரு தண்டனையும் இருந்தது. பதிவு பெற்ற பரிந்துரையாளர் எதையாவது புகழ்ந்தால், கேட்பவர்களின் கண்வில்லையில் அவர் முகத்துக்குக் கீழே மஞ்சள் எழுத்து ஓடும்: 'கட்டணப் பரிந்துரையாளர்.' சட்டம் அப்படி. கண்வில்லை போடாதவர் இன்று யார்? போன வருடம் பொங்கலுக்கு அவள் கணவன் வடை சுட்டான். "நல்லாருக்கு" என்றாள். அவள் முகவாய்க்கட்டைக்குக் கீழே மஞ்சள் எழுத்து ஓடியதைப் பார்த்து அவன் சிரித்தான். அதற்குப் பிறகு அவன் அவளிடம் எதையும் எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. சிரித்தது அவளுக்குப் பெரிதாக இல்லை. கேட்காமல் விட்டதுதான் வலித்தது.

மாநாட்டில் மட்டும் அந்த வெட்கம் இல்லை, எல்லார் தாடையிலும் மஞ்சள்தான். அட்டையோடு அட்டையை முட்டினால் அறிமுகம் முடிந்தது. "உங்க மெத்தை எப்படிப் போகுது?" "உங்க குக்கர்?" என்று விசாரித்துக்கொண்டார்கள். பந்தியில் ஒருவர் தெரியாத்தனமாக "சாம்பார் அருமை" என்று சொல்லிவிட்டார். "யாரோட சாம்பார்? உங்களுக்கு எவ்வளவு?" என்று மேசையே கேட்டுச் சிரித்தது.

இந்த வருடம் மட்டும் சிவப்புப் புள்ளிக்காரர்கள் கொஞ்சம் ஒதுங்கியே சாப்பிட்டார்கள்.

சிவப்புப் புள்ளி ஒரு புதிய சட்டத்தால் வந்தது. லாபத்தில் பங்கு வாங்கினவர் பழியிலும் பங்கு வாங்க வேண்டும். அபராதம் போட்டுப் பார்த்தார்கள். கம்பெனிகளுக்கு அது சுண்டைக்காய். அதனால் 'முறைநாள்' என்று ஒன்று வந்தது. நீங்கள் பரிந்துரைத்த பொருளால் ஒருவருக்குக் கேடு வந்தால், ஒரு வருடத்துக்கு மாதம் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். காலை பத்திலிருந்து நாலு மணி வரை அவர் எதிரில் இருக்க வேண்டும். அவர் திட்டலாம், வேலை ஏவலாம், பேசாமலும் இருக்கலாம். பதில் ஆள் அனுப்ப முடியாது.

செண்பகவல்லி திருநெல்வேலி பேட்டையில் கோமளா என்ற பெண்ணின் வீட்டுக்குப் பத்து மாதமாகப் போய்வருகிறாள். பதினோராவது முறைநாள் மறுநாள் சனிக்கிழமை.

'சுவாசமணி' என்று ஒரு கருவி. மூக்கடைப்புக்கு ஆவி பிடிப்பதற்கு. செண்பகவல்லியின் இணைப்பை அழுத்தி அதை வாங்கி மூன்று மாதம் பிடித்ததில் கோமளாவின் மூக்கடைப்பு போயிற்று, கூடவே வாசனையும் போயிற்று. அவள் பொடி வியாபாரம் செய்கிறவள். ரசப்பொடி, இட்லிப் பொடி, குழம்புப் பொடி. கண் தெரியாமல் போனால்கூட ஒருவேளை சமாளித்திருப்பாள்.

சாப்பாட்டுக்கு முன்னால் மேடையில் குமரகுரு என்ற பொறியாளர் பேசினார். வழுக்கைத் தலை, பொறுமையான குரல். பழைய வங்கி மேனேஜர் என்று சொன்னால் நம்பலாம்.

"இத்தனை வருஷமா நாம எப்படிப் பார்த்தோம்? கடைசியா யார் இணைப்பைத் தொட்டாங்களோ, அவங்களுக்குத்தான் பேர். கல்யாணத்துக்கு முதல் நாள் வந்து நின்னவரைத் தரகர்னு சொல்றமாதிரி. இப்போ அந்த அநியாயம் முடிஞ்சுது. ஒரு ஆள் படிச்சுக்கிட்டே இருக்கார். ஒரு இடத்துல அவர் மனசு 'சரி, வாங்கிருவோம்'னு திரும்புது. அந்த நொடியில கண்மணி லேசா விரிஞ்சு அடங்கும். கண்வில்லை அதைப் பதிஞ்சு வெச்சிருக்கு. எங்க இயந்திரம் அந்த வரியைக் கண்டுபிடிச்சிரும். பக்கம்கூட இல்லைங்க, வரி!"

"பழைய வழக்கெல்லாம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதையும் ஓட்டிப் பார்க்கலாம். இன்னைக்கே, எங்க கடையில."

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 'அது என் கிளிக், என் கிளிக்' என்று வருடக்கணக்கில் அடித்துக்கொண்ட கூட்டம், இப்போது 'அது என்னோடது இல்லன்னு காட்டுங்க' என்று ரேஷன் கடைபோல் வரிசையில் நின்றது. செண்பகவல்லியும் நின்றாள். நிற்க வேண்டும் என்று நினைத்து நிற்கவில்லை, கால் போய் நின்றுவிட்டது.

அவள் முறை வந்தபோது மணி மூன்று. குமரகுரு வழக்கு எண்ணை அடித்து, திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"நல்ல செய்தி மேடம். உங்க பங்கு பூஜ்யம்."

திரையில் ஒரு வரி வெளிச்சமாக இருந்தது: 'இது வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் மனைவி இரவில் தூங்குகிறாள், அவள் தூங்குவதால் நானும் தூங்குகிறேன்.'

எழுதியவர் பெயரைப் படிக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருதயராஜ், தூத்துக்குடி.

"இந்த வரியிலதான் அந்தம்மா மனசு திரும்பியிருக்கு. உங்க பக்கத்துக்கு வந்தப்ப ஏற்கெனவே முடிவு பண்ணிட்டாங்க. நீங்க சும்மா வழியில நின்னவங்க" என்றார் குமரகுரு.

சும்மா நின்றவளா? இல்லை. அது அவளுக்குத்தான் தெரியும்.

இருதயராஜ் எதையும் காசு கொடுத்து வாங்கி, மூன்று மாதம் வீட்டில் வைத்துப் பார்த்து, நாற்பது பத்தி எழுதுகிற மனிதர். ஜனங்கள் அதைப் படித்து வாங்க முடிவு செய்வார்கள். காசு கட்டும் இடத்தில் 'கூப்பன் இருக்கிறதா?' என்று ஒரு வெற்றுக்கட்டம் இருக்கும். கூப்பனைத் தேடிப் போவார்கள். அங்கே செண்பகவல்லியின் பக்கம் காத்திருக்கும்: 'பத்து சதவீதம் தள்ளுபடி. இங்கே அழுத்தவும்.' மொத்தம் நாலு வரி. அழுத்தியதும் கடைசித் தொடுகை அவளுடையதாகிவிடும். சமைத்தவர் அவர், வாசலில் உட்கார்ந்து மொய் வாங்கியவள் இவள். விதி எதையும் அவள் மீறவில்லை. மீறவில்லை என்பதால்தான் பல மாநாடுகளாக அவர் இருக்கும் மேசையைப் பார்த்து, வேறு மேசையில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

சுவாசமணி வழக்கில் தன் பெயர் வந்தபோதே அவளுக்குத் தெரியும், அந்த நாலு வரியைப் படித்து யாரும் எதையும் வாங்கியிருக்க மாட்டார்கள் என்று. சொன்னால் கூப்பன் வித்தையையும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு முறைநாளை வாங்கிக்கொண்டாள்.

"இதை இப்படியே விட்டுரலாமா சார்? இன்னும் ரெண்டு மாசம்தான். நானே போய் முடிச்சிருதேன்" என்றாள்.

குமரகுரு அவளை விநோதமாகப் பார்த்தார். காலையிலிருந்து இப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "முடியாது மேடம். உண்மை தெரிஞ்சப்புறம் அதை மறைச்சு வெச்சா என் வேலை போயிரும். ஆறு மணிக்கு அந்த அம்மாவுக்கு அறிவிப்பு போகும். அவருக்கும் போகும். நாளையிலருந்து நீங்க அங்க போகவேண்டியதில்ல." சந்தோஷப்படட்டும் என்று நினைத்து அவள் அட்டையை வாங்கி ஒரு இடத்தில் அழுத்தினார். சிவப்புப் புள்ளி பச்சையானது.

அவள் சந்தோஷப்படவில்லை.

முதல் முறைநாள் நினைவுக்கு வந்தது. கோமளா அவளை அடுக்களை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தாள். திட்டவில்லை. அரைமணி நேரம் மல்லியைப் புடைத்துச் சுத்தம் செய்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு வாணலியில் மல்லி வறுத்தாள். வாசனை போன பிறகு அவள் கண்வில்லையைக் கழற்றி வீசிவிட்டிருந்தாள். திடீரென்று திரும்பாமலே சொன்னாள்: "மல்லி கருகுதா, பாத்துச் சொல்லுங்க."

நாற்பது வகை மிக்ஸிக்கு மதிப்புரை எழுதியவளுக்கு மல்லி எப்போது பதம் என்று தெரியாது. எழுந்து போய், குனிந்து, கண்ணை மூடி மோந்து பார்த்தாள். பச்சை வாடை போய், ஒரு இனிப்பு வந்து, அதற்குப் பின்னால் ஏதோ எட்டிப் பார்த்தது. "இப்ப. இப்ப இறக்குங்க" என்றாள். கோமளா இறக்கினாள்.

அடுத்த மாதத்திலிருந்து கோமளா ஒரு மாதத்துக்கு வேண்டிய வறுவல் முழுவதையும் அந்த ஒரு சனிக்கிழமைக்கே வைத்துக்கொண்டாள். மிளகு, சீரகம், உளுந்து, காயம். செண்பகவல்லி மோந்து சொல்வாள், அவள் இறக்குவாள். "நல்லாருக்கு" என்றால் கோமளா உடனே நம்பினாள். அவள் முகத்துக்குக் கீழே எந்த எழுத்தையும் கோமளா பார்க்கவில்லை. உலகத்தில் அந்த ஒரு அடுக்களையில்தான் செண்பகவல்லி சொல்லும் 'நல்லாருக்கு' வெறும் 'நல்லாருக்கு' ஆக இருந்தது. ஆறு மணி அறிவிப்பு அதைத்தான் பறித்துக்கொண்டு போகப்போகிறது. பத்து மாதமாக 'என்னாலதான், மன்னிச்சிருங்க' என்று சொல்லிக்கொண்டு ஒரு பொய்க்காரி தன் வாணலியை மோந்தாள் என்று கோமளாவுக்குத் தெரிந்துவிடும்.

மண்டபத்துக்குப் பின்னால் தேநீர் வைத்திருந்த இடத்தில் இருதயராஜைக் கண்டுபிடித்தாள். அறுபதைத் தொடும் வயது. எப்போதும் போல் கையில் கைக்குட்டை. தூசி ஒத்துக்கொள்ளாது, வருடம் முழுக்கத் தும்முவார்.

"அண்ணாச்சி" என்றாள்.

"வாங்க செண்பகம்மா. இத்தன வருசத்துல நீங்களா வந்து பேசுதது இதுதான் முதல் தடவை" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதனால் கூடுதலாகக் குத்தியது.

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கூப்பன் பக்கத்தை, நாலு வரியை, எத்தனை வருடம் என்பதை, கோமளாவை. "ஆறு மணிக்கு உங்க பேருக்கு மாத்திருவாங்க. நான் உங்ககிட்டருந்து திருடுனது இப்படி உங்க தலையில வந்து விழும்னு நெனைக்கல. என்ன திட்டுங்க அண்ணாச்சி."

இருதயராஜ் கைக்குட்டையை மடித்தார்.

"எனக்குத் தெரியும்மா. வரிசையில மொத ஆளா நின்னது நாந்தான். சுவாசமணி வழக்குல மனசு திரும்புன வரி என்னுதான்னு தெரிஞ்சுக்கணும்னு நின்னேன்."

"உங்களுக்கு எப்படிச் சந்தேகம் வந்துச்சு?"

"வந்துச்சு. எங்க வீட்டுல ரெஜினாவுக்கும் மூக்கு போயிட்டு. நான் எழுதுன ரெண்டாம் மாசம். கெட்டுப்போன மீன்னு தெரியாம குழம்பு வெச்சுட்டா. நல்லாருக்குன்னு நானும் சாப்பிட்டுட்டேன், எனக்குத்தான் எப்பவும் மூக்கடைப்பாச்சே. ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில பக்கத்துப் பக்கத்துக் கட்டில்." லேசாகச் சிரித்தார். சிரிப்பு நிலைக்கவில்லை. "அன்னைக்கே அந்தப் பக்கத்த எடுத்துட்டேன். அதுக்குள்ள எத்தன பேரு படிச்சாங்களோ? எனக்கு முறைநாள் குடுங்கன்னு மூணு தடவை எழுதிப்போட்டேன். மூணு தடவையும் ஒரே பதில்தான். 'கடைசித் தொடுகை உங்களுடையது அல்ல.'"

செண்பகவல்லி தரையைப் பார்த்தாள்.

"நீங்க கூப்பன் போட்டு எடுத்ததுல எனக்கு வருத்தம் உண்டு. இல்லன்னு சொன்னா பொய். ஆனா அதெல்லாம் போட்டும்னு விட்டுட்டேன். இந்தப் பழிய எடுத்துக்கிட்டீங்க பாருங்க, இதுலதான் தூக்கம் போச்சு. யாருக்கோ நான் கேடு செஞ்சிருக்கேன், அவங்க வாசல்ல போயி நிக்கக்கூட எனக்கு உரிமை இல்லாம ஆக்கிட்டீங்களே."

இத்தனை வருடமாக அவர் என்னவெல்லாம் திட்டுவார் என்று அவள் மனதுக்குள் எழுதிப் பார்த்திருக்கிறாள். இது அந்தப் பட்டியலில் இல்லை. பக்கத்தில் இருந்த தண்ணீர் கேன் மேல் உட்கார்ந்து அழுதாள். அவர் தேநீர் ஒன்றை வாங்கி அவள் கையில் கொடுத்துவிட்டு, "அறிவிப்பு போறதுக்கு முந்தி நீங்களே சொல்லிருங்க. மிஷின் சொல்லிக் கேக்கிறது வேற" என்றார்.

ஐந்தே காலுக்குக் கோமளாவின் பட்டன் போன் அடித்தது. பின்னால் வாணலியில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது.

"என்னக்கா இந்நேரத்துல? நாளைக்கு வாரீங்கல்லா?"

செண்பகவல்லி இருதயராஜிடம் சொன்னதையெல்லாம், ரெஜினாவுக்கு மூக்கு போனதையும் சேர்த்து, மறுபடியும் சொன்னாள். இரண்டாம் தடவை சுலபமாக இருக்கும் என்று நினைத்தாள். இல்லை. முடித்தபோது கரண்டிச் சத்தம் நின்றிருந்தது.

"அக்கா" என்றாள் கோமளா. "அந்த அண்ணாச்சி எழுதுனத நான் நாலு தடவ படிச்சேன். பொண்டாட்டி தூங்குதான்னு எழுதியிருந்தாரு பாருங்க, அதுலதான் விழுந்தேன். ஒங்க பக்கத்துல கூப்பன் நம்பர எடுத்துக்கிட்டு வந்துட்டேன், அவ்வளவுதான். வந்த மொத நாளே எனக்குத் தெரியும், நீங்க இல்லன்னு."

செண்பகவல்லி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"வெரட்டி விட்டுரணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள மல்லிய சரியாச் சொல்லிட்டீங்க. பொறவு வாயத் தொறந்தா சர்க்காருல ஒங்கள நிப்பாட்டிருவான். வேற ஆள அனுப்புவானோ, ஆளே அனுப்ப மாட்டானோ. எனக்கு மாசம் ஒரு மூக்கு வேணும். நீங்க ஒவ்வொரு தடவையும் 'மன்னிச்சிருங்க'ன்னு சொல்லும்போது எனக்குத்தான் கூசும். சரி, வாயத் தொறக்காண்டாம்னு கெடந்தேன். நீங்க மட்டுமா பொய் சொன்னீங்க?"

கரண்டி மறுபடியும் உரசத் தொடங்கியது.

"கோமளா, நாளைக்கு எனக்கு வர முறை இல்லம்மா. அண்ணாச்சிதான் வரணும்."

"அவரு வரட்டும். ரெண்டு வார்த்த கேக்க வேண்டியிருக்கு, கேட்டுக்கிடுதேன். அவருக்கு மூக்கு எப்படி?"

"எப்பவும் ஜலதோஷம்."

"நல்லா இருக்கே கத! அப்போ அவரு பொடி சலிக்கட்டும், துணிய மூஞ்சியில கட்டிக்கிட்டு. அவரு வீட்டம்மாவையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க, அவங்களுக்காவது நான் என்ன சொல்லுதேன்னு வெளங்கும். நீங்க வரணுமா வேண்டாமான்னு நான் சொல்ல மாட்டேன், அக்கா. சீரகம் ரெண்டு கிலோ வாங்கி வெச்சிருக்கேன்."

போனை வைத்துவிட்டாள்.

குமரகுருவின் கடையில் வரிசை கரைந்திருந்தது. அவர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருதயராஜ் கையெழுத்துப் போட்டு, சிவப்புப் புள்ளியை ஏதோ பதக்கம் மாதிரி மாட்டிக்கொண்டு நகர்ந்தார். செண்பகவல்லி முன்னால் வந்து நின்றாள்.

"முறை இல்லாமலே அங்க போகணும்னா என்ன செய்யணும் சார்?"

"முறை இல்லாம எதுக்கு மேடம்?"

"சும்மா."

அதற்கும் ஒரு படிவம் இருந்தது. கம்பெனிகள் தங்கள் ஆட்களை அனுப்பிப் பாதிக்கப்பட்டவர்களின் மனதைக் கரைத்துவிடக் கூடாது என்பதற்காக, முறை இல்லாமல் போகிறவர்களும் பதிவு செய்ய வேண்டும். படிவத்தின் தலையில் அதே கட்டம்: 'யார் சொல்லி?'

அவள் அதைக் காலியாக விட்டாள்.

"காலியா விட முடியாது மேடம். யார் அனுப்புறாங்கன்னு பார்க்கத்தானே இந்தப் படிவமே."

"யாரும் சொல்லல சார். கோமளாகூட, வான்னு சொல்ல மாட்டேன்னுட்டா."

"அப்போ இயந்திரமே பார்த்துக்கும். இதோ, இங்க பாருங்க." அவள் கண்வில்லைக்கு எதிரே ஒரு விளக்கைக் காட்டினார். திரை கொஞ்ச நேரம் யோசித்தது. அவள் ஐந்தே கால் மணியை எதிர்பார்த்தாள், இரண்டு கிலோ சீரகத்தை எதிர்பார்த்தாள். ஒருவேளை இருதயராஜ் சொன்ன ஏதாவது வரலாம் என்றும் நினைத்தாள். குமரகுரு திரையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"இது இன்னைக்கு எடுத்த முடிவே இல்ல மேடம். பத்து மாசத்துக்கு முன்னாடி எடுத்தது. சனிக்கிழமை, காலை பத்து நாற்பது." திரையை அவள் பக்கம் திருப்பினார்.

மனம் திரும்பிய வரி: 'மல்லி கருகுதா, பாத்துச் சொல்லுங்க.' சொன்னவர்: கோமளா. பங்கு: நூறு. விற்ற பொருள் என்ற இடத்தில் மட்டும் ஒன்றும் இல்லை.

குமரகுரு அந்த வரியை இரண்டு தடவை வாய்க்குள் படித்துப் பார்த்தார். காலையிலிருந்து ஆயிரம் வரி பார்த்திருப்பார். பொறியாளராக இல்லாமல், வீட்டில் சமையல் நடக்கிற ஒரு மனிதராகக் கேட்டார்:

"கருகிருச்சா மேடம்?"

"இல்ல சார்" என்றாள் செண்பகவல்லி. "சரியான நேரத்துல இறக்கிட்டோம்."